மருந்தே நஞ்சானால்…

நோய் வந்தால் மருந்தை நாடுகிறோம். அம்மருந்தே நோயைத் தந்தால் யாரை நாடுவது? இவ்வினாவுக்கு விடை தெரியாமையால் எத்தனையோ குடும்பங்கள், “எல்லாம் விதி” என்று கூறி வாய்மூடி இருந்துவிடுகின்றன. விதியின் மீது பழியைப் போடுமுன், சட்டம் என்ன சொல்கிறது என்று அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

வாயால் உட்கொள்ளும் மருந்துக்கும் ஊசி வழியே ஏற்றும் மருந்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உடலுக்குள் செல்லும் கிருமிகளை இரைப்பையின் அமிலமும் குடலின் சுவரும் ஓரளவேனும் தடுத்து நிறுத்துகின்றன. ஊசியோ இக்காவல்களையெல்லாம் கடந்து நேரே இரத்தத்திலும், சில வேளைகளில் முள்ளந்தண்டின் அருகிலும் மருந்தைச் சேர்த்துவிடுகிறது. குப்பியிலுள்ள மாசும் மருந்தோடு கூடவே சென்றுவிடும். ஊசி மருந்தின் தூய்மை உயிரோடு ஒட்டிய காரியமாவது இதனாலேதான்.

நம் நாட்டில் நடந்தது

2023ஆம் ஆண்டில் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் வழங்கப்பட்ட ‘இமியூனோகுளோபியூலின்’ என்னும் ஊசி மருந்து நாட்டையே அதிரவைத்தது. மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் நோயெதிர்ப்புப் புரதமே இம்மருந்து. இதனை ஏற்றிய நோயாளர் சிலரிடம் பாதகமான விளைவுகள் தோன்றவே, வைத்தியர்கள் ஐயுற்று அறிவித்தனர். சோதனையில் மருந்து தரமற்றதென்று தெரியவந்தது. போலி ஆவணங்களைக் காட்டி மருந்து வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கைதுசெய்யப்பட்டார். வேலியே பயிரை மேய்ந்ததோ என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

இங்கே நாம் ஒன்றை மறக்கலாகாது. குற்ற வழக்கின் நோக்கம் குற்றவாளியைத் தண்டிப்பது. பாதிக்கப்பட்டவரின் வைத்தியச் செலவையும், இழந்த உழைப்பையும், அனுபவித்த வேதனையையும் ஈடுசெய்வதற்கு நஷ்டஈட்டு வழக்கு வேறாகத் தொடரப்படல் வேண்டும். நம் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம-டச்சுச் சட்டம் அதற்கு இடமளிக்கின்றது. அரசாங்க ஊழியரின் தவற்றுக்கு அரசையும் பொறுப்பாளியாக்கலாம் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வகைசெய்துள்ளது.

தவறு மட்டும் போதாது

ஆயினும் தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் வழக்கு வெல்லாது. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்ற புகழ்பெற்ற வழக்கு இதற்குச் சான்று. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய அவ்வழக்கில் மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு நஷ்டஈடு வழங்கியது. ஆனால் 2001இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கவனக்குறைவினாலேயே மரணம் நேர்ந்தது என்ற தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம்.

ஊசி மருந்தைப் பொறுத்தவரை அத்தொடர்பைக் காட்டும் முதற் சாட்சி எது? குப்பியின் மேல் அச்சிடப்பட்டுள்ள தொகுதி இலக்கமே. 2012இல் அமெரிக்காவில், மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கம்பனியொன்று தயாரித்த முதுகுவலி ஊசி மருந்தில் பூஞ்சணம் கலந்திருந்தது. 750 பேருக்கு மேல் நோயுற்றனர். 60 பேருக்கு மேல் மாண்டனர். பழுதான மருந்து மூன்று தொகுதிகளைச் சேர்ந்தது என்று கண்டறியப்பட்டதனால், அதனைப் பெற்ற ஏறத்தாழ 14,000 பேரைத் தேடி எச்சரிக்க முடிந்தது. பின்னர் ஏறக்குறைய 20 கோடி டொலர் நஷ்டஈட்டு நிதியும் அமைந்தது.

நாம் செய்ய வேண்டியவை

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒருவர் நோயுற்றால் ஈச்சிலம்பற்று, மூதூர், திருகோணமலை என்று வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாற நேரிடலாம். எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊசி ஏற்றப்பட்டது என்பதை வீட்டில் ஒருவர் ஒரு கொப்பியில் எழுதிவைப்பது நன்று. கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகள் இப்பணியை எளிதாகச் செய்யலாம். துண்டு வெட்டி வீடு திரும்பும்போது தரப்படும் நோய் விபர அட்டையையும், வெளியில் மருந்து வாங்கிய பற்றுச்சீட்டையும் எறிந்துவிடக் கூடாது.

ஊசிக்குப்பின் திடீரெனக் காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல் முதலியன தோன்றினால் உடனே தாதியரிடமும் வைத்தியரிடமும் கூற வேண்டும். எஞ்சிய மருந்தையும் குப்பியையும் சோதனைக்காகப் பாதுகாக்கும்படி பணிவாக, ஆனால் எழுத்தில், கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கும் அறிவிக்கலாம். ஆவணங்களைத் தர வைத்தியசாலை தயங்கினால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைசெய்யும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறப்படல் வேண்டும்.

உயிரே போய்விட்டால், துயரத்தின் வேகத்தில் உடலைப் பெற்றுச் சென்று அடக்கம் செய்யவே மனம் விரையும். அது இயல்பு. எனினும் மரணத்தில் ஐயம் இருப்பின் மரண விசாரணையையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையையும் கோருவது அவசியம். மண்ணுக்குள்ளோ நெருப்புக்குள்ளோ சென்ற சான்று திரும்பி வருவது அரிது.

காலம் காத்திராது

நஷ்டஈட்டு வழக்கை, வழக்குக்குரிய காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். அரசுக்கு எதிராயின் ஒரு மாதத்துக்கு முன்னரே எழுத்துமூல அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கோ ஒரு மாத அவகாசமே உண்டு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கிற் சேராது.

“சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் ஏது?” என்று ஏழைகள் கேட்பது நியாயமே. அவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தோர் அங்கே ஆலோசனையும், தகுதி காணப்பட்டால் வழக்கு நடத்தும் உதவியும் பெறலாம்.

இவற்றையெல்லாம் கூறுவது வைத்தியர்மீது பகைமை வளர்ப்பதற்கன்று. பழுதான மருந்தைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்கள் அவர்களே. மருந்தைக் கொள்வனவு செய்பவரும், சோதிப்பவரும், களஞ்சியப்படுத்துபவரும் தம் கடமையிற் தவறினால் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற அச்சம் வேண்டும். அந்த அச்சத்தை உண்டாக்கக்கூடியது ஏழைவீட்டுக் கொப்பியில் தவறாது எழுதப்பட்ட ஒரு தேதியும், ஒரு தொகுதி இலக்கமுமே.