இரப்பர் பால் திரியாமல் இருப்பது எப்படி?

இரப்பர் பால் என்பது இரப்பர் என்னும் இயற்கைப் பலபடியின் நுண்துகள்கள் நீரில் விரவியிருக்கும் கூழ்மம் ஆகும். பலபடி நானோதுகள்கள் நீர்மத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படித் தனித்தனியே நிற்கின்றன என்பதை விளக்க, தமிழ்நாட்டில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை போன்ற ஊர்களில் விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டுவோர் இந்தப் பண்பை நம்பியே வேலை செய்கிறார்கள். சிரட்டையில் சேர்ந்த பால் நீர்மமாகவே எடைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் திரிந்துவிட்டால் அது ஒட்டுப்பாலாகிக் குறைந்த விலைக்கே போகும்.

துகள்களின் அளவு

புதிய பாலின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை இரப்பர். மீதி பெரும்பாலும் நீர். துகள்களின் விட்டம் சுமார் 50 நானோமீட்டர் முதல் 3 மைக்ரோமீட்டர் வரை வேறுபடும். எண்ணிக்கையில் பார்த்தால் மிகப் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. இரப்பரின் அடர்த்தி நீரைவிடக் குறைவு (0.92) என்பதால் துகள்கள் ஆடைபோல் மேலே மிதந்து வர வேண்டும். ஆனால் மேலெழும் வேகம் விட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1000 நானோமீட்டர் துகளைவிட 100 நானோமீட்டர் துகள் 100 மடங்கு மெதுவாகவே மேலேறும். அதற்குள் பிரௌனியன் இயக்கம் அதை எல்லாத் திசைகளிலும் அலைக்கழித்துவிடும். ஆகவே புவியீர்ப்பு இங்கே பெரிய எதிரி அன்று. மோதும் துகள்கள் ஒட்டிக்கொள்வதே உண்மையான இடர்.

ஒட்டத் தூண்டுவதும் தடுப்பதும்

1 கிராம் இரப்பரை ஒரே உருண்டையாக்கினால் அதன் மேற்பரப்பு சுமார் 5 சதுர செண்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் துகள்களாக்கினால் மேற்பரப்பு சுமார் 65 சதுர மீட்டர், அதாவது 700 சதுர அடி! ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு இது. மேற்பரப்பு மிகுந்தால் ஆற்றலும் மிகும். அதைக் குறைத்துக்கொள்ளத் துகள்கள் ஒன்றுசேர முனைகின்றன. வாண்டர்வால்ஸ் கவர்ச்சி விசை அதற்குத் துணைசெய்கிறது. நிலைத்த கூழ்மம் என்று பாடநூலில் படிப்பது, கண்டிப்பாகச் சொன்னால், தாமதப்படுத்தப்பட்ட கூழ்மமே. எவ்வளவு நேரம் தாமதிக்கும் என்பதுதான் கேள்வி.

ஒவ்வோர் இரப்பர் துகளின் மீதும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த மெல்லிய தோல் ஒன்று உண்டு. புதிய பாலின் பிஎச் மதிப்பு சுமார் 6.5 முதல் 7 வரை. அந்நிலையில் இத்தோல் எதிர் மின்சுமை பெற்றிருக்கும். அதைச் சுற்றி நேர் அயனிகள் ஒரு முகில்போல் சூழ்ந்துகொள்ளும். இவ்வமைப்பு மின் இரட்டை அடுக்கு எனப்படும். இரு துகள்கள் நெருங்கும்போது முகில்கள் முட்டிக்கொண்டு விலக்குகின்றன. இந்த விலக்கத்தையும் வாண்டர்வால்ஸ் கவர்ச்சியையும் ஒரே கணக்கில் சேர்த்தவர்கள் சோவியத் அறிஞர்கள் டெர்யாகின், லாண்டவ் (1941). அவர்களுக்குப் பின் டச்சு அறிஞர்கள் வெர்வே, ஓவர்பீக் (1948).

திரிதல்

வெட்டிய பாலில் பாக்டீரியாக்கள் பெருகி, அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன. ஹைட்ரஜன் அயனிகள் தோலின் எதிர் மின்சுமையைச் சமன்செய்ய, பிஎச் 5-ஐ நெருங்கும்போது விலக்கு விசை ஓய்கிறது, பால் கட்டியாகிறது. பழைய பால் ஒட்டிய சிரட்டையைக் கழுவாமல் வைத்தால் விரைவில் திரிவது இதனால்தான். ஷீட் அடிப்பவர்கள் இதே வேலையை வேண்டுமென்றே செய்கிறார்கள்: நீர் கலந்த பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி உலர்த்துகிறார்கள்.

தாமதத்தை நீட்டிக்க வேண்டுமானால் அம்மோனியா. அது பாக்டீரியாவை ஒடுக்குகிறது, பிஎச் மதிப்பையும் உயர்த்துகிறது. கையுறை, பலூன் தொழிற்சாலைகளுக்கான பாலை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காடு இரப்பர் உள்ளதாகச் செறிவூட்டி, சுமார் 0.7 விழுக்காடு அம்மோனியா சேர்க்கிறார்கள். அதன்பின் சில வாரங்களில் அந்தப் பால் முன்னைவிட உறுதியாகிறது என்பது வியப்பான செய்தி. பாஸ்போலிப்பிடுகள் சிதைந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் அம்மோனியாவுடன் சேர்ந்து சோப்பாகித் துகள்மீது படிவதே காரணம்.

பாலில் இயற்கையாகவே உள்ள மெக்னீசியம் அயனி மற்றொரு தொல்லை. அயனியின் மின்சுமை கூடக்கூடத் திரிக்கும் திறன் பன்மடங்காகும் என்ற ஹார்டி-ஷுல்ஸ் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்கள், அது தொழிற்கூடத்தில் பணமாக மாறுவதை இங்கே காணலாம். பாஸ்பேட் உப்புச் சேர்த்து மெக்னீசியத்தை வீழ்படிவாக்கி நீக்கிவிடுகிறார்கள்.

மின்சுமை மட்டும் போதாத இடம்

உப்பு மிகுந்தால் அயனி முகில் சுருங்கும். 0.001 மோலார் சமையலுப்புக் கரைசலில் அதன் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். இரத்தத்தின் உப்புச் செறிவில் 1 நானோமீட்டருக்கும் குறைவு. ஆகவே மருந்து சுமக்கும் பலபடி நானோதுகள்களின் மீது பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளை மயிர்க்கால்கள்போல் நட்டுவைக்கிறார்கள். நெருங்கும் துகளை அந்தச் சங்கிலிகள் இடம் கொடாமல் தள்ளி நிறுத்துகின்றன. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டில் இரு வழிகளும் சேர்ந்தே பயன்படுகின்றன. நீர் உலர்ந்ததும் அக்ரிலிக் துகள்கள் நெருக்கித் தள்ளப்பட்டு ஒரே படலமாகின்றன. பின்பு மழைநீர் பட்டாலும் அவை பிரிவதில்லை.

வீட்டிலேயே பார்க்க

எங்கள் வேங்கிக்கால் பக்கம் இரப்பர் மரம் கிடையாது, பசும்பால் போதும். அதிலுள்ள கேசீன் புரதமும் ஓர் இயற்கைப் பலபடியே. அதன் துகள்கள் பெரும்பாலும் 100 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ளவை, பிஎச் 4.6 அருகே திரிபவை. இரண்டு தம்ளர்களில் சம அளவு பால் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைக் கரைக்கவும். பிறகு இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, எது எத்தனையாவது சொட்டில் திரிகிறது என்று குறித்துக்கொள்ளவும். சோடா கலந்த பால் கூடுதல் சொட்டுகள் கேட்கும். இரப்பர் பாலில் அம்மோனியா செய்யும் வேலையில் ஒரு பாதியை இங்கே சோடா செய்கிறது. பாக்டீரியாவை ஒடுக்கும் மறுபாதியை இந்தச் சோதனையில் பார்க்க முடியாது.