பனிக்கட்டிப் பள்ளியறை

மணம் முடித்த இருவர் சுற்றத்தாரை விட்டுச் சின்னாள் தனித்திருந்து இன்புறும் வழக்கத்தைத் ‘தேன்நிலவு’ என்று இன்று நாமும் சொல்கின்றோம். சொல் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. வழக்கமும் அவ்வழியே வந்ததுதான். ஈழத்தில் அதன்பொருட்டுப் புறப்படுவோர் பலர் நுவரெலியாவை நாடுவர். வடபுலத்து வெயிலில் வளர்ந்தவர்க்கு அவ்வூர்க் குளிரே பெரும்புதுமை. மேனாட்டினருட் சிலரோ, தம் நாட்டுக் குளிர் போதாதென்று அதனினுங் கொடிய குளிரைத் தேடிச் செல்கின்றனர். சுவீடன் நாட்டின் வடகோடியிலே, சுவரும் கூரையும் கட்டிலும் பனிக்கட்டியாலாகிய விடுதியொன்றில் மணமக்கள் இரவைக் கழிக்கின்றனர் என்று கேட்கும்போது, இஃது இன்பமா, தண்டனையா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையம் நகைத்துத் தள்ளுதற்குரியதன்று. வரலாற்றிற் பேர்பெற்ற பனிக்கட்டிப் பள்ளியறையொன்று தண்டனைக்கென்றே கட்டப்பட்டது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

யுக்கஸ்யார்வி என்னும் சிற்றூர், கிருனா என்னும் இரும்புச் சுரங்க நகருக்கு அணித்தாய், வடமுனை வட்டத்துக்கு ஏறக்குறைய 145 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. தோர்னே என்னும் பேராறு அதன் அருகே ஓடுகின்றது. கோடையிலே இவ்வாற்றிற் படகு செலுத்தி மகிழ வருவோர் உண்டு, மாரியில் வருவாரில்லை. இங்வே பெரிக்விஸ்ட் என்பவர், இருளையும் குளிரையும் குறையாகக் கருதாது அவற்றையே காட்சிப்பொருளாக்கினால் என்னவென்று எண்ணினார். 1989ஆம் ஆண்டில் யப்பானியப் பனிச்சிற்பிகள் அங்கு வந்து தம் கலைத்திறனைக் காட்டினர். அடுத்த ஆண்டு உருளை வடிவான பனிக்குடிலொன்றில் ஜன்னோ தெரிது என்னும் பிரெஞ்சுக் கலைஞரின் படைப்புக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓரிரவு ஊரில் தங்க இடம் கிடையாத விருந்தினர் சிலர், அக்காட்சிக் கூடத்திலேயே படுத்துறங்க இசைவு வேண்டினர். துருவமான் தோலின்மேல் உறக்கப்பைக்குட் கிடந்து இரவைப் போக்கிய அவர்களே அவ்விடுதியின் முதல் விருந்தினர். இவ்வாறு, திட்டமிட்டுத் தொடங்கியதன்று. தங்கிடம் இல்லாமையாற் பிறந்தது.

விடுதியைக் கட்டும் முறை எம் விஞ்ஞான மாணவர் கருத்தூன்றி நோக்கற்பாலது. கட்டடப்பொருள் இரண்டு. ஒன்று ஆற்றிலிருந்து அறுத்தெடுக்கும் பனிக்கட்டி. மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில், ஆற்றின் மேற்பரப்பு நன்கு தடித்திருக்கும்போது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 தொன் நிறையுள்ள பாளங்களாக அறுத்துக் குளிர்க் களஞ்சியத்திற் சேர்த்துவைத்து அடுத்த மாரியிற் பயன்படுத்துவர். இப்பாளங்கள் பளிங்குபோல் ஒளி ஊடுருவுந் தெளிவுடையன. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உறையும் கட்டியின் நடுவிடம் வெண்மையாய் இருப்பதை யாவரும் கண்டிருப்பர். அது நாற்புறமுமிருந்து விரைந்து உறைவதால், நீரிற் கரைந்திருந்த வளி வெளியேற வழியின்றி நடுவே சிறுகுமிழிகளாய்ச் சிறைப்படுகின்றது. ஆறோ மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல உறைகின்றது. உறையும் முகம் வெளித்தள்ளும் வளியைக் கீழே ஓடும் நீர் கொண்டு செல்கின்றது. ஆதலின் குமிழியில்லாத கட்டி கிடைக்கின்றது.

மற்றைப் பொருள், வெண்பனியும் பனிக்கட்டியும் சேர்ந்தாற்போன்ற ஒரு கலவை. அதற்கு அவ்விரு சொற்களின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டி ‘ஸ்னைஸ்’ என்று பெயரிட்டுள்ளனர். நவம்பரில் உருக்கு அச்சுக்களின்மேல் இதனை விசிறிப் படியச் செய்து, இறுகியபின் அச்சை நீக்கினால் வளைந்த கூடம் தானே நிற்கும். அவ்வளைவின் வடிவம் தற்செயலானதன்று. ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளிற் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைகோடு தோன்றும். அச்சங்கிலியில் உள்ளது இழுவிசை மட்டுமே. அதே கோட்டைத் தலைகீழாக்கிக் கட்டினால், அக்கட்டடத்தின் தன்னிறை முழுவதும் அமுக்கவிசையாகவே இறங்கும். இவ்வுண்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துக்காட்டினார். பனிக்கட்டி அமுக்கத்தைத் தாங்கவல்லது. இழுவைக்கு எளிதில் உடைவது. எனவே தட்டைக் கூரை போட்டாற் பிளக்கும். தலைகீழ்ச் சங்கிலி வளைவு நிற்கும். ஆயினும் அது கருங்கல்லைப்போல் அசையாது நிற்பதன்று. நிறையின் அழுத்தத்தால் நாளடைவிற் சிறிது சிறிதாய்த் தாழும்.

இனி, உள்ளே எவ்வளவு குளிர்? வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைவரை குளிர் இறங்கும் நாளிலும், அறைக்குள் பூச்சியத்துக்குக் கீழ் 5 முதல் 8 பாகை அளவிலேயே நிற்கும். வெண்பனித் துகள்களிடையே அடைபட்ட வளி வெப்பத்தை எளிதிற் கடத்தாமையே காரணம். எம்மூர் ஓலைக்கூரை வெயிலைத் தடுப்பதும், பனிக்கட்டியை மரத்தூளிற் புதைத்துக் காப்பதும் இதே விதிப்படிதான். உறங்கும் மனிதவுடல் ஏறக்குறைய 75 உவாற்று அளவு வெப்பத்தை விடுகின்றது. இருவர் விடும் வெப்பம் சுவரை உருக்கிவிடாதோ எனின், வெளிக்குளிர் அதனைச் சுவர்வழியே ஈர்த்துக்கொண்டேயிருக்கும். மேலும் ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். வெள்ளம் வராது.

மணமக்கள் இரவு கழிக்கும் முறை பின்வருமாறு. பெட்டிகளையும் மிகையுடைகளையும் வெப்பமூட்டிய வேறொரு கட்டடத்தில் வைத்துவிட வேண்டும். குளிக்குமறையும் கழிப்பறையும் அங்கேயே உள்ளன. பனிக்கட்டிக் கட்டிலின்மேல் மெத்தையும், அதன்மேல் துருவமான் தோலும் விரிக்கப்பட்டிருக்கும். அம்மானின் மயிர் உள்ளே துளையுடையது. அத்துளையிலுள்ள வளி உடற்சூட்டைக் காக்கும். மெல்லிய கம்பளியாடையும் தொப்பியும் அணிந்து உறக்கப்பைக்குட் புகுந்து முகம் மட்டும் தோன்றப் படுக்க வேண்டும். தடித்த உடைகளை அடுக்கி அணிந்து படுப்போர் வியர்த்து, அவ்வியர்வை குளிர்ந்து நடுங்குவர் என்று முன்கூட்டியே எச்சரிப்பர். பல அறைகளுக்குத் தாழிடும் கதவில்லை, திரைச்சீலையே உண்டு. தேன்நிலவுக்கு இது பொருந்துமோ என்பதை வாசகரின் தீர்ப்புக்கு விடுகின்றேன். விடிந்ததும் சூடான செங்கனிச் சாறு படுக்கைக்கே வரும். இன்னொன்று: இவ்விடுதியிலும் தீயறிவிப்புக் கருவி பொருத்தியாக வேண்டுமென்று 2013ஆம் ஆண்டில் சுவீடன் அதிகாரிகள் பணித்தனர். கட்டில் எரியாதெனினும் அதன்மேல் விரித்தவை எரியுமன்றோ!

இனி முன்னர்க் குறித்த வரலாற்றுக்கு வருவோம். 1739ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பா முழுவதும் கொடுங்குளிர் நிலவியது. இரசியாவில் அப்பொழுது அன்னா என்னும் பேரரசி ஆண்டாள். மிகையில் கோலித்சின் என்னும் குலமகன் இத்தாலிய மாதொருத்தியை மணந்து கத்தோலிக்கனானான் என்பது அவள் சினத்துக்குக் காரணம். மனைவி இறந்தபின் அவனை அரசவைக் கோமாளியாக்கினாள். அதுவும் அமையாது, தன் பணிப்பெண்களுள் ஒருத்தியாகிய கல்மிக்கு இனத்து அவ்தோத்தியாவை அவனுக்கு மணமுடிக்கத் துணிந்தாள். அதற்கென உறைந்த நேவா ஆற்றங்கரையில், பியோத்தர் எரோப்கின் என்னும் சிற்பியின் திட்டப்படி ஒரு பனிக்கட்டி மாளிகை எழுந்தது. அதனை அளந்தெழுதிய கிராவ்ற்று என்னும் பேரறிஞர் நீளம் 56 அடி, அகலம் 17½ அடி, உயரம் 21 அடி என்று குறித்துள்ளார். கட்டில், தலையணை, மேசை, மணிக்கூடு, மரங்கள், மரத்திற் பறவைகள் யாவும் பனிக்கட்டி. பனிக்கட்டிப் பீரங்கிகள் உண்மையாகவே வெடித்தன. பனிக்கட்டி யானையொன்று பகலில் நீரும் இரவில் எரியும் எண்ணெயும் துதிக்கையாற் பாய்ச்சிற்று.

1740 பெப்புருவரியில் மணம் நடந்தது. பேரரசின் பல்வேறு இனத்தாரிலிருந்து இவ்விரண்டு பேராக அழைத்து வந்து, மான், நாய், பன்றி, ஒட்டகம் பூட்டிய வண்டிகளில் ஊர்வலம் போக்கினர். மணமக்களோ உயிருள்ள யானைமீது கூண்டிலே இருந்தனர். விழாவை நடத்திய அமைச்சன் வொலின்ஸ்கி, திரெதியகோவ்ஸ்கி என்னும் புலவனை அடித்து நோவச் செய்து, அந்நிலையிலேயே மணவாழ்த்துப் படிக்கச் செய்தான். தமிழாசிரியர்கள் இதனைச் சற்று நினைத்துப் பார்க்க. பின்னர் மணமக்களைப் பனிக்கட்டிப் பள்ளியறையுள் விடுத்து, விடியுமுன் வெளியேறாதபடி காவலும் வைத்தனர். மணமகள் தன் முத்துமாலையைக் காவலனுக்குக் கொடுத்து ஆட்டுத்தோற் போர்வையொன்று பெற்றாள் என்றொரு கதை வழங்குகின்றது. எவ்வாறாயினும் இருவரும் பிழைத்தனர். எரோப்கினும் வொலின்ஸ்கியும் அதே ஆண்டுக் கோடையிற் கொலைத்தண்டம் பெற்றனர். பேரரசி ஒக்டோபரில் மாண்டாள். கோமாளியாக்கப்பட்ட கோலித்சினோ மேலும் முப்பதாண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தான்.

இரண்டு மாளிகைகளிலும் பனிக்கட்டி ஒன்றே. அதன் இயல்பும் ஒன்றே. யுக்கஸ்யார்வியில் நடுநிசியில் மணமகள் “போதும்” என்றால், திரையை விலக்கி வெப்பமூட்டிய கட்டடத்துக்கு நடந்து செல்லலாம். அவ்வாறு செல்வோரும் உளர். நேவாக்கரையில் வாயிலிற் காவலன் நின்றான். குளிரைப் பற்றி எழுதுவோர் பலர் பாகைக்கணக்கை மட்டும் எழுதி, வாயிற்கணக்கை எழுதாது விடுகின்றனர் என்பது என் குறை.

அவ்வூருக்குச் செல்லும் இணையர் காணவிரும்புவது பனிக்கட்டியை மட்டுமன்று. திசம்பரிற் பல நாட்கள் ஞாயிறு அடிவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. நண்பகலில் நீலங்கலந்த மங்கலொளி சிறிது தோன்றி மறையும். அந்நீண்ட இரவிலே, ஞாயிற்றிலிருந்து வரும் மின்னேற்றத் துணிக்கைகள் மேல்வளியின் ஒட்சிசனைத் தாக்க, 100 கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தில் பச்சைத் திரைபோல் வடமுனையொளி அசையும். கிருனாவில் 1957ஆம் ஆண்டிலிருந்தே இதனை ஆராயும் நிலையம் இயங்கி வருகின்றது. படுக்கையில் விரிக்கும் தோலைத் தரும் துருவமான்களை வளர்ப்பவர் சாமி மக்கள். விடுதி தோன்றுதற்குப் பன்னூற்றாண்டு முன்பே அக்குளிரிற் குழந்தை பெற்று வளர்த்துவந்தோர் அவர்களே. விளம்பரப் படங்களில் அவர்களுடைய மான் முன்னிற்க, அவர்கள் பின்னிற்பது எனக்கு உவப்பானதன்று.

திசம்பர் நடுவில் திறக்கும் விடுதி ஏப்பிரிலில் உருகி, வந்த ஆற்றுக்கே மீண்டு பொத்தினியாக் குடாவை அடைகின்றது. அடுத்த ஆண்டு அறைகளின் சிற்பவடிவு வேறாக இருக்கும். பல நாட்டுக் கலைஞர் விடுக்கும் திட்டங்களிலிருந்து தெரிந்தெடுப்பர். 2016இல், கோடையிலும் உருகாத நிலையான பகுதியொன்றையும் கட்டினர். நள்ளிரவிலும் மறையாத கோடை ஞாயிற்றின் ஒளியாற் பெறும் மின்சாரமே அதனைக் குளிர்விக்கின்றது. கனடாவின் கியூபெக்கிலும் 2001 தொடக்கம் இத்தகைய விடுதி ஆண்டுதோறும் எழுகின்றது. இவ்விடங்களுக்குத் தேன்நிலவு செல்வோருட் பெரும்பாலோர் பனிக்கட்டி அறையில் ஓரிரவு மட்டுமே தங்குவர். மற்றை இரவுகளுக்கு அயலிலுள்ள வெப்பமூட்டிய மரக்குடிலை முன்னரே ஒழுங்கு செய்துவிட்டுத்தான் புறப்படுகின்றனர்.