உலாவியை மாற்றினால் போதுமா?

சென்னையின் மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒருவர், மறுநாள் கடலுக்குப் போகலாமா என்று அறிய, போனில் ஒரு வானிலைப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது காற்றின் திசையும் வேகமும்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் குக்கி (உலாவியில் சேமிக்கப்படும் சிறு அடையாளக் குறிப்பு) வைத்திருக்கும் விளம்பர நிறுவனம் அவர் வந்துபோனதைக் குறித்துக்கொள்கிறது. பிறகு வேறொரு தளத்தில் படகு எஞ்சின் விலை பார்த்தால், அதுவும் அதே கணக்கில் ஏறுகிறது. இத்தகைய கண்காணிப்புக் குக்கிகளைப் பயர்பாக்ஸ் உலாவி 2019 முதல் தானாகவே தடுக்கிறது. 2020இல் சஃபாரி எல்லா மூன்றாம் தரப்புக் குக்கிகளையும் தடுத்துவிட்டது. குரோமிலிருந்தும் அவற்றை நீக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் பின்வாங்கியது. விளம்பரத்தால் வாழும் நிறுவனமே உலாவியையும் தரும்போது வேறெதை எதிர்பார்க்க முடியும்? போனோடு வந்த குரோமையே பயன்படுத்திக்கொண்டிருப்பது நம் அசட்டை.

ஆனால் குக்கியைத் தடுத்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, எழுத்துருக்கள், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படத்தை வரையச் சொன்னால் உங்கள் கருவி அதை வரையும் விதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒரு கருவியை அடையாளம் காணலாம். இதுதான் உலாவிக் கைரேகை. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்தவற்றில் 83 சதவீதத்துக்கும் மேலான உலாவிகள் தனித்தே தெரிந்தன. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துரு கணினியில் இருந்தால், உலகின் கோடிக்கணக்கான கணினிகளிடையே அதுவே ஓர் அங்க அடையாளம். இதில் ஒரு முரண் இருக்கிறது: யாரும் பயன்படுத்தாத உலாவியைத் தேடிப்பிடித்து, பத்து நீட்சிகளையும் சேர்ப்பவர் இன்னும் எளிதாகத் தென்படுவார். டோர் உலாவி இதற்கு நேர்மாறான வழியை எடுத்தது. சீருடை அணிந்த பிள்ளைகளைப் போல, தன் பயனர்கள் அனைவரையும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது. பக்கம் தெரியும் பரப்பைக்கூடக் குறிப்பிட்ட அளவுகளுக்குள் நிறுத்திவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு: வேகம் குறையும், பல தளங்கள் உங்களைச் சந்தேகத்தோடு நடத்தும். மின்கட்டணம் கட்டவும் டிக்கெட் எடுக்கவும் அது தோதுப்படாது.

நடுவழியாக, தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோ 2023இல் வெளியிட்ட ‘உலா’ இருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025இல் ஒரு கோடி ரூபாய் முதல் பரிசை ஜோஹோ பெற்றது. வேலைக்கு, சொந்த உபயோகத்துக்கு, குழந்தைகளுக்கு என்று உலாவில் தனித்தனி முறைகள் உண்டு. ‘இதுவும் கூகுளின் குரோமியம் மேல் கட்டியதுதானே’ என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. குரோமியம் திறந்த மூல நிரல். எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்பதை அதன்மேல் கட்டுபவர் மாற்றலாம். ஆனால் அதன் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூகுள். நீட்சிகளுக்கான விதிகளை அது மாற்றியபோது, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் இடமிழந்தது. சொந்த எஞ்சின் வைத்திருக்கும் பயர்பாக்ஸில் அது தொடர்கிறது.

‘மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது’ என்பது அடுத்த வாதம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது குற்றவாளிகளுக்காக அல்ல. எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வசதி பற்றியதுதான்: ஒரு வங்கித் தளம் திறக்கவில்லை என்றால், பலரும் பழைய உலாவிக்கே திரும்பிவிடுவார்கள். குரோமில் மட்டும் சோதித்துவிட்டுத் தளத்தை வெளியிடுவோருக்கும் இதில் பொறுப்புண்டு. அவர்கள் திருந்தும்வரை பழையதை அழிக்க வேண்டாம்; முரண்டு பிடிக்கும் அந்த ஓரிரு தளங்களுக்கு மட்டும் அது இருக்கட்டும். வானிலை, செய்தி, மருத்துவச் சந்தேகம், விலை விசாரிப்பு எல்லாம் புதியதில் நடக்கட்டும். புக்மார்க்குகளைக் கொண்டுவரும் வசதி பெரும்பாலான கணினி உலாவிகளில் உண்டு. போனில், புதியதை இயல்பு உலாவியாக அமைப்புகளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.