கச்சான் காற்றில் மலரும் பூக்கள்

குறுந்தொகையில் ஒரு தோழி கொன்றை மரத்தைப் பேதை என்கிறாள். கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. வம்பாகப் பெய்த மழையைக் கார் என்று அது மயங்கிவிட்டதாம். தலைவியைத் தேற்ற அவள் சொன்ன சமாதானம் இது.

சங்கப் புலவருக்குக் கொன்றை மழையின் தூது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நாம் அதன் பொற்சரங்களைக் காண்பதோ சித்திரை, வைகாசி வெயிலில். இங்கே பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டிலே கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக நம்மிடம் வருகிறது. மழைக்குக் காத்திருக்கும் தோட்டம் பாதி ஆண்டு வெறுமையாகவே கிடக்கும்.

எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். அங்கே கிணற்றின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையே. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். மல்லிகை வெயிலில் நன்றாகப் பூக்கும். ஆனால் நாள்தோறும் வாளி நீர் கேட்கும். ஆகவே எந்தப் பூ அழகு என்பதைவிட, எந்தப் பூ கிணற்றைக் காக்கும் என்பதே இங்கு முதற் கேள்வி.

கடதாசிப்பூவுக்கு நீர் மிகுந்தால் இலைதான் தழைக்கும். வேர் சற்றுக் காய்ந்தால் நிறம் கொட்டும். அந்த நிறத்தாள்கள் பூவல்ல, பூவைச் சூழ்ந்த இலைகள். நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூ. தேமா தன் தடித்த கிளைகளில் நீரைச் சேமித்து, இலையுதிர்ந்த நிலையிலும் மலரும். அலரி தன் சுவாசத் துளைகளை இலையின் அடிப்புறக் குழிகளில் ஒளித்துவைத்து, காற்று ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கிறது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் நடவேண்டும்.

மடகாஸ்கரிலிருந்து வந்த பட்டிப்பூ வேலியோர மணலிலும் ஆண்டு முழுதும் பூக்கும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1960களில் பயன்பாட்டுக்கு வந்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து இதன் கொடை. நம் மண்ணின் பூவரசோ வாவியோர உவர்நிலத்திலும் நிற்கும். காலையில் மஞ்சளாக விரியும் அதன் பூ மாலையில் சிவந்து வாடும்.

இவை வேரூன்றும் வரை ஓராண்டு கை கால் கழுவும் நீரை விட்டாலே போதும். பிறகு கிணற்றைத் தொடவேண்டியதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடி நாம் வெம்மை தணிய வேண்டும்போது, இச்செடிகள் அந்த வெம்மையிலேயே பூத்து நிற்கின்றன. வாவிக்கரைக் கொன்றையைத் தோழி கண்டிருந்தால், தலைவியைத் தேற்ற வேறொரு மரத்தைத்தான் தேடியிருப்பாள்.