மலையேறும் இரு சிறு இயந்திரங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கீரிமலையும் பெயரளவில்தான் மலை. ஆகவே கொடிகாமத்தில் புகையிரதம் ஏறும் புத்தூர் மாணவனுக்கு, வழவழப்பான தண்டவாளத்தில் இரும்புச் சில்லு ஏன் வழுக்குவதில்லை என்ற ஐயம் எழுவதில்லை. சமதரையில் இயந்திரத்தின் பாரம் தரும் உராய்வே போதும். பதுளைப் பாதையிலோ 44 அடிக்கு ஓரடி வீதம் ஏற வேண்டியுள்ளது. கனத்த இயந்திரமும் அங்கே மூச்சு வாங்கும். அதனினும் செங்குத்தான மலையில் சிறிய நீராவி இயந்திரம் என்ன செய்யும்? இந்தியாவில் இதற்கு இரு விடைகள் கண்டனர்.

டார்ஜிலிங் பாதை 1881 இல் மலையுச்சி நகரை எட்டியது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடியே. 1889 முதல் அங்கு ஓடிய ‘பி’ வகுப்பு இயந்திரத்துக்கு நான்கே சில்லுகள். தண்ணீர்த் தொட்டி குதிரைச் சேணம்போலக் கொதிகலத்தின்மேல் அமர்ந்திருக்கும். அந்தப் பாரமும் சில்லுகளை அழுத்திப் பிடியைக் கூட்டும். தண்டவாளம் ஈரமானால், முன்புறத்தில் அமர்ந்திருப்போர் கையால் மணல் தூவுவர். மிகச் செங்குத்தான இடங்களில் வண்டி முன்னே போய், பின்னோக்கி ஏறி, மறுபடியும் முன்னே செல்லும்.

நீலகிரியின் விடை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 இல் திறக்கப்பட்ட பாதை, கல்லாற்றுக்கு மேல் 12½ அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது. அங்கே மணல் எம்மாத்திரம்! எனவே தண்டவாளங்களின் நடுவே பற்களுடைய இரு இரும்புச் சட்டங்களைப் பதித்தனர். சுவிற்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் இருப்பதால் பற்சில்லின் பிடி நழுவாது. 1914 முதல் அந்நாட்டு வின்ரர்தூர் நகரில் செய்யப்பட்ட ‘எக்ஸ்’ வகுப்பு இயந்திரத்துக்கு நான்கு உருளைகள். பற்சட்டம் இல்லாத இடத்தில் இரண்டே இயங்கும். ஏற்றத்திலோ, அவ்விரண்டில் உழைத்த நீராவி வெளியேறாமல் மற்ற இரண்டினுள்ளும் புகுந்து பற்சில்லுகளைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரு வேலை! அன்றியும், இவ்வியந்திரம் வண்டியை இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தால் பெட்டிகள் உருண்டோடக் கூடாதன்றோ?

நுட்பத்தில் நீலகிரிக்கே என் வாக்கு. ஆனால் எளிமையும் ஒரு பலமே. டார்ஜிலிங் பாதையின் திந்தாரியா பட்டறையிலேயே ‘பி’ வகுப்பு இயந்திரங்கள் மூன்று உருவாயின. சிக்கலான ‘எக்ஸ்’ வகுப்போ நெடுங்காலம் சுவிற்சர்லாந்திலிருந்தே வந்தது. திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பட்டறை அதைப் புதிதாகச் செய்து அனுப்பத் தொடங்கியது 2011 இல்தான்.