கட்டப்படாத பாலத்தின் படம்

இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் கடற்கரையில் டின்டாஜெல் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. கடல் அரிப்பால் பிளவுண்ட இரு குன்றுகளை இணைக்க வடிவமைப்புப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. பெல்ஜியத்தின் நே நிறுவனமும் பிரிட்டனின் வில்லியம் மேத்யூஸ் நிறுவனமும் இணைந்து வென்றன. 68.5 மீட்டர் நீள நடைபாலம் 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரு பாறைகளிலிருந்தும் நீளும் அதன் இரு பாதிகளும் நடுவில் ஒன்றையொன்று தொடுவதில்லை. 40 மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட்டுள்ளது.

இத்தகைய பாலத்தைக் கட்டுவதற்கு முன்பே கண்முன் நிறுத்துவது முன்காட்சிப் படம். செலவிடுவோரும் அனுமதி வழங்குவோரும் முதலில் காண்பது அதனையே. ஆகவே அதில் பொய் இருத்தலாகாது.

முதலில் வெளிச்சம். டின்டாஜெல் ஏறத்தாழ 50.7 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் இறுதியில் அங்கு நண்பகல் சூரியன்கூட 16 பாகை உயரமே ஏறும். சென்னையிலோ 53 பாகைக்கு மேல். எனவே 1.7 மீட்டர் உயர மனிதரின் நிழல் அங்கு 6 மீட்டர் நீளும். குளிர்காலக் காட்சியில் உச்சிவெயிலைத் தீட்டினால் அந்தப் படம் வேறோர் ஊரினதாகிவிடும்.

அடுத்தது மூடுபனி. பின்னுள்ள பாறை வெளிற, மெல்லிய பாலம் கருங்கோடாகத் துலங்கும், ஆழமும் தோன்றும். ஆனால் பாலம் பாறையில் ஊன்றும் இடத்தையும் கைப்பிடிக் கம்பிகளையும் அதே பனி மறைத்துவிடக் கூடும். கலைஞர் நேர்மையானவராயின், அதே கோணத்தில் தெளிந்த பகலையும் வரைந்து உடன் வைப்பார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுநரின் வண்ணக் கையேட்டைப் புரட்டும் நாமும் அந்தப் பகல்வெளிச்சப் படத்தைக் கேட்கலாம். விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பி முன்பணம் செலுத்தி இழப்புற்றவருக்கு இழப்பீடு உண்டென்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது.

பாலத்தின் தளத்தில் அருகிலுள்ள டெலபோலின் ஸ்லேட் கற்கள் செங்குத்தாக அடுக்கப்பட்டுள்ளன. மழையில் நனைந்த ஸ்லேட் கறுத்து, வானத்தைச் சற்றே பிரதிபலிக்கும். இதனைத் தொலைதூரக் காட்சி காட்டாது. நடு இடைவெளியும் அதில் கரைந்துபோகும். அதற்கெனத் தனிப்படம் வேண்டும்: நடப்பவரின் கண்மட்டத்திலிருந்து, ஒரு காலணி நுனி, அதன்முன் இரண்டு விரற்கடைப் பிளவு, பிளவினூடே கீழே அலையின் வெண்மை.