புல்லட் ஏன் கடைசியில் வந்தது? ஓரகடம் கற்றுத் தரும் ‘ரீமேக்’ பாடம்

பழைய ஹிட்டைத் தூசு தட்டிப் புதுசாகக் கொடுப்பது ரிஸ்க்கான வேலை. ரொம்ப மாற்றினால் பழைய ரசிகர் கோபப்படுவார். மாற்றாவிட்டால் புதியவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். வீடியோ கேமில் இதற்குப் பெரிய உதாரணம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’. 1997-ல் வந்த இந்த கேமை ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் மூன்று பாகங்களாக ரீமேக் செய்கிறது. கிட்டத்தட்ட இதே கணக்கை நம்ம ஓரகடம் பக்கம் பைக்கில் போட்டுப் பார்த்தது ராயல் என்ஃபீல்டு.

எது ரீமேக் ஆனது?

ராயல் என்ஃபீல்டின் ஓரகடம் ஆலை 2013-லும், பக்கத்திலுள்ள வல்லம் வடகால் ஆலை 2017-லும் உற்பத்தியைத் தொடங்கின. அதன் 350 வண்டிகளில் இருந்த பழைய 346 சிசி இன்ஜினுக்குப் பதிலாக வந்ததுதான் 349 சிசி ‘ஜே’ சீரிஸ் இன்ஜின். எல்லா வண்டியிலும் ஒரே நாளில் மாற்றவில்லை. பாகம் பாகமாக மாற்றினார்கள்.

எந்த வரிசையில்?

* 2020 நவம்பர் - மீட்டியார் 350: தண்டர்பேர்டு விட்ட இடத்தில், லாங் ரைடு போகிறவர்களுக்கு.
* 2021 செப்டம்பர் 1 - கிளாசிக் 350: அதிகம் விற்கும் வண்டி.
* 2022 ஆகஸ்ட் - ஹன்டர் 350: சிட்டி இளைஞர்களுக்கு. எடை 181 கிலோ, கிளாசிக்கைவிட 14 கிலோ குறைவு. அறிமுகத்தின்போது ஆரம்ப விலை சுமார் 1.50 லட்சம் ரூபாயாக இருந்தது.
* 2023 செப்டம்பர் 1 - புல்லட் 350: பரம்பரை ரசிகர்களுக்கு.

இந்த வரிசையில் என்ன லாபம்?

புது இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால், அது முதலில் கிளாசிக்கில் தெரிந்திருந்தால் மொத்த வியாபாரமும் ஆட்டம் கண்டிருக்கும். 350 வரிசையில் மீட்டியார் புதுப் பெயர். ஒப்பிட்டுத் திட்டுவதற்குப் பழைய மீட்டியார் 350 கிடையாது. அது ஓடி நம்பிக்கை வந்த பிறகே கிளாசிக் மாறியது. ‘அந்தச் சத்தம் இல்லையே’ என்று முதலில் கேட்கக்கூடிய புல்லட் ரசிகர்களுக்குக் கடைசி இடம். அதுவரை புல்லட் பழைய இன்ஜினோடேயே விற்றது. டைமிங்கும் முக்கியம்: செப்டம்பர் 1-ல் வந்தால் ஆயுத பூஜை, தீபாவளி சீசனுக்கு வண்டி ஷோரூமில் இருக்கும்.

கேம் எங்கே சறுக்கியது?

‘ரீமேக்’ 2020 ஏப்ரல் 10-ல் வந்தது. அடுத்த பாகமான ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29-ல்தான் வந்தது, அதுவும் பிஎஸ்5-ல் மட்டும். கம்ப்யூட்டருக்கு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. விமர்சகர்கள் கொண்டாடியும், விற்பனை எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று நிறுவனமே சொன்னது.

வித்தியாசம் இங்கேதான். ஹன்டர் வாங்க மீட்டியார் ஓட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால், முதல் பாகம் ஆடாதவர் இரண்டாம் பாகத்துக்கு வரத் தயங்குவார். தொடர்கதையில் ஒவ்வொரு பாகத்துக்கும் கூட்டம் குறையலாம். தனித்து நிற்கும் பாகம் புதுக் கூட்டத்தைக் கூட்டிவரும்.

ஓரகடத்துக்கு இதில் என்ன?

நான்கு வண்டிக்கு ஒரே இன்ஜின் என்பதால், ஒரு மாடல் டல்லடித்தாலும் இன்ஜின் லைன் அப்படியே நின்றுவிடாது. உதிரிபாகம் செய்து தரும் சின்ன கம்பெனிகளுக்கும் அங்கே ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் அது ஒரு பாதுகாப்பு.

ஸ்கொயர் எனிக்ஸும் பாடம் கற்றிருக்கிறது. ஒரே கன்சோலை நம்பாமல் பல தளங்களில் கேம்களை வெளியிடப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தது. அது கைகொடுக்குமா என்பதற்கு மூன்றாம் பாகம்தான் பரீட்சை.